காமிராவின் ஓட்டையும் என் தங்கையின் கன்னமும்

நீங்கள் தெரிந்தே ஓட்டைக் காமிராவை என்னிடம் விற்றீர்கள். பெங்களூரில் கண்ணாடி அலமாரி வைத்துக் காமிராக் கடை நடத்துகிற உங்களைத்தான் சொல்கிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று இதை அச்சிடுகிறவர் சொல்லிவிட்டார். போடாவிட்டாலும் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது என்பதால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

நான் ஆயில் என்ஜின் மெக்கானிக். ஓசூருக்கும் கெலமங்கலத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். மாடு கட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்த கிணறுகளுக்கெல்லாம் அப்போதுதான் ஒவ்வொன்றாக என்ஜின் வந்துகொண்டிருந்தது. என்ஜின் நின்றுவிட்டால் எனக்கு ஆள் வரும். தோட்டக்காரர் சொல்கிற காரணத்தை நான் நம்புவதில்லை. எல்லாவற்றையும் கழற்றிக் கோணியில் பரப்பிப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பேன். அப்படிப்பட்ட நான் காமிராவை மட்டும் திறந்து பார்க்காமல் வாங்கினேன். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் ஊர் டீக்கடையில் இரண்டு பேர் காமிராவைப் பற்றிப் பேசினால் ஒருவர் கடலைக்காய் வியாபாரம் செய்கிற பாய், இன்னொருவன் நான். பாயிடம் பெட்டிக் காமிரா இருந்தது. தகர டப்பா மாதிரி இருக்கும். திருப்புவதற்கோ இழுப்பதற்கோ அதில் ஒன்றும் கிடையாது. எனக்கு அது பிடிக்காது. மூடியைத் திறந்தால் மடிப்பு மடிப்பான தோல் துருத்தி நீண்டு, முன்னால் கண்ணாடி வந்து நிற்கிற மடக்குக் காமிராதான் வேண்டும் என்று இருந்தேன்.

"மடிக்கறதெல்லாம் கிழியும் மாப்ள. ஒன் கொடையப் பாரு, எங்க கிழிஞ்சிருக்குது? மடிப்புலதான?" என்றார் பாய்.

"தகர டப்பாவுல படம் எடுக்கறதுக்கு நான் ஒரு அரிசி டப்பாவுல ஓட்ட போட்டு எடுத்துக்கறன், போங்க பாய்."

"எடு, எடு. ஓட்டயோட அரும அப்பத் தெரியும்."

அவர் சும்மா கிண்டலுக்குச் சொன்னார். இப்போது நினைத்தாலும் எனக்கு எரிகிறது.

பெங்களூருக்கு பஸ் ஏறி உங்கள் கடைக்கு வந்தேன். நான்கைந்து காமிராக்களை எடுத்து வைத்தீர்கள். ஒன்றைக் கையில் கொடுத்து, "புதுசு ஸ்வாமி, போன வாரம்தான் பெட்டி பிரிச்சது, ஒரு வருஷம் காரண்டி" என்றீர்கள். காசை வாங்கிப் போட்டுக்கொண்டு, "பில்லு பேக்கா?" என்று கன்னடத்தில் கேட்டீர்கள், பில் வேண்டுமா என்று. பிறகு நீங்களே தமிழில் சொன்னீர்கள்: "பில்லு போட்டா டாக்ஸ் சேரும். செக்போஸ்ட்ல பில்லப் பாத்தா நூறு கேள்வி கேப்பான். கழுத்துல மாட்டிக்கிட்டுப் போங்க. பழசுன்னு நெனச்சுக்குவான். என்ன ஆனாலும் எங்கிட்ட வாங்க, நான் எங்க ஓடிப் போறேன்?"

இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. எல்லையோரத்தில் நாங்கள் எல்லாரும் அப்படித்தான். புதுச் செருப்பை பெங்களூரிலேயே காலில் போட்டுச் சேற்றில் ஒரு மிதி மிதித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவோம். புடவையை ஒரு தடவை தண்ணீரில் நனைத்து எடுத்து வருகிற பெண்களும் உண்டு. சோதனைச் சாவடியில் நிற்கிறவர்கள் தேடுவது சாராயப் புட்டியைத்தான். இருந்தாலும் புதுச் சாமான் கண்ணில் பட்டால் வம்பு என்று எங்களுக்கு ஒரு பயம். அந்தப் பயம் உங்களைப் போன்ற கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். நானும் பில் வாங்கவில்லை. காமிரா வைத்திருந்த அட்டைப் பெட்டியையும் உங்கள் மேஜை மேலேயே விட்டுவிட்டு, காமிராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தேன். சாவடியில் ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

மூன்று சுருள் எடுத்தேன். சுருளுக்கு எட்டுப் படம். ராயக்கோட்டை மலை, பாயின் கடலைக்காய் மூட்டைகள், பக்கத்துத் தோட்டத்துக் காளை, என்ஜினுக்குப் பக்கத்தில் நான். கிருஷ்ணகிரியில் ஒரு ஸ்டுடியோவில் பிலிம் கழுவிக் கொடுத்தார்கள். படங்கள் நன்றாகத்தான் வந்தன என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் என் தங்கைக்கு ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் லேத்தில் கடைசல் வேலை பார்ப்பவர். அவருடைய பெரியப்பா வந்து பேசினார். பையனுக்கு இப்போது லீவு கிடைக்காது, முதலில் படம் அனுப்பினால் போதும் என்றார். நாங்கள் ஸ்டுடியோவில் எடுத்துத் தருகிறோம் என்றோம்.

"ஸ்டுடியோப் படம் வேண்டாங்க. டச்சிங் பண்ணி கருப்பியச் செவப்பி ஆக்கிப்புடுவான். எங்க தம்பி பையன் அப்படித்தான் ஏமாந்தான். வீட்ல எடுத்த படம் இருந்தாக் குடுங்க. அதுதான் நெசம்."

எங்கள் பக்கத்தில் இது எல்லாரும் சொல்கிற பேச்சு. ஸ்டுடியோப் படத்தில் பென்சிலும் மையும் வேலை செய்திருக்கும், வீட்டுக் காமிராவுக்குப் பொய் தெரியாது. நானும் அப்படித்தான் நம்பினேன். சொல்லப்போனால் பெருமையாகவே இருந்தது. எங்கள் வீட்டில்தான் காமிரா இருக்கிறதே.

மறுநாள் காலையில் புங்க மரத்தடியில் தங்கையை நிறுத்தி எடுத்தேன். தன் முகத்தைத் தானே பார்த்துக்கொள்ளாத பெண் அவள். "சீக்கிரம் அமுக்குண்ணா, மாடு கத்துது" என்று சொல்லிக்கொண்டே நின்றாள்.

கிருஷ்ணகிரியில் படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்த ஸ்டுடியோக்காரர் ஒன்று சொன்னார். "எடது கன்னத்துல வெள்ளையா ஒண்ணு விழுந்திருக்குதுங்க. ரெண்டு நிமிசம் குடுங்க, சரி பண்ணித் தர்றன்."

பார்த்தேன். துவரம்பருப்பு அளவுக்கு ஒரு வெளுப்பு. புங்க இலைச் சந்தில் விழுந்த வெயில் என்று நினைத்தேன்.

"கை வெக்காதீங்க. டச்சிங் வேண்டாம்னுதான் கேட்டிருக்கறாங்க" என்று சொல்லிப் படத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். அந்த நல்ல மனிதர் பேச்சைக் கேட்டிருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே இல்லை.

படம் போன பத்தாம் நாள் பெரியப்பா அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். தண்ணீர் கொடுத்தோம், குடிக்கவில்லை. "பொண்ணு மொகத்துல படை இருக்குதுன்னு ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றார். வெண்படையைத்தான் சொன்னார்.

"அது வெயிலுங்க" என்றேன்.

"வெயிலா? வீட்டுப் படம் நெசம் பேசும்னு நீயும்தான தலையாட்டுன?"

தங்கையைக் கூப்பிட்டு முகத்தைக் காட்டலாம் என்று பார்த்தேன். அவள் கொல்லியில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் வருவதற்குள் அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் கெலமங்கலம் சந்தையில் என்னிடமே ஒரு ஆள் கேட்டான், "ஒந் தங்கச்சிக்கு எந்த வைத்தியர்ட்ட பாக்கறீங்க?" என்று. சந்தைக்கு வருகிற பெண்கள் தங்கையோடு பேசும்போது அவள் இடது பக்கமாகவே வந்து நின்றார்கள். பேச்சு பாதியில் இருந்த இன்னொரு இடமும் காரணம் சொல்லாமல் நின்றுபோனது.

அப்போதுதான் எனக்கு மெக்கானிக் புத்தி வந்தது. எடுத்த படங்களை எல்லாம் பாயின் கடையில் கோணி மேல் பரப்பினேன். ராயக்கோட்டை மலைக்கு மேலே வானத்தில் ஒரு வெளுப்பு. மேகம் என்று விட்டிருந்தேன். காளையின் திமிலுக்குக் கீழே அதே வெளுப்பு. என் சட்டையில் அதே இடத்தில். மூட்டை மேலும் அதே இடத்தில். எல்லாப் படத்திலும் ஒரே பக்கம், ஒரே உயரத்தில், தங்கையின் கன்னம் விழுந்திருந்த அதே இடத்தில் இருந்தது.

பாய் ஒன்றும் கிண்டல் பேசவில்லை. "கதவச் சாத்து மாப்ள" என்றார்.

கடலைக்காய் அறையின் கதவைச் சாத்திவிட்டு, காமிராவின் பின்பக்கத்தைத் திறந்து, உள்ளே டார்ச்சு லைட்டை வைத்தேன். துருத்தியின் மடிப்பு ஒன்றில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. விரலால் தடவினால் அந்த இடம் மட்டும் சொரசொரப்பாக இருந்தது. கருப்பு மையில் பிசின் கலந்து யாரோ அடைத்திருக்கிறார்கள். வாங்கி வந்த அன்றே நான் திறந்து மூடித் திறந்து மூடி, அந்தப் பூச்சு உதிர்ந்துவிட்டது. புதுக் காமிராவில் பூச்சு எப்படி வரும்? ஓட்டையை யாரோ ஏற்கெனவே பார்த்து அடைத்து வைத்த பழைய காமிரா அது.

படங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு பெரியப்பாவிடம் போனேன். காளைப் படத்தைக் காட்டி விளக்கினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எட்டிப் பார்த்து, "அய்யோ பாவம், காளைக்கும் படையா? அதுக்கும் இனிமே சோடி கெடைக்காது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் பெரியப்பா ஒரு வழி சொன்னார். தன் வீட்டுப் பெண்கள் நான்கு பேர் வந்து, ஈரத் துணியால் கன்னத்தைத் துடைத்துப் பார்ப்பார்கள். பவுடர் பூசி மறைக்கவில்லை என்று தெரிந்தால் மேற்கொண்டு பேசலாம்.

நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அது நான் செய்த இன்னொரு தப்பு.

தங்கை சாணி தட்டிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் எழுந்தாள்.

"சந்தையில மாட்டுக்குப் பல்லப் புடிச்சுப் பாப்பாங்களே, அந்த மாதிரியா?"

"ஒரு தடவ பாத்துட்டுப் போகட்டும். வாய மூடிக்குவாங்க."

"நீ எடுத்த படத்துக்கு நான் மூஞ்சி காட்டணுமா? ஓட்ட எம் மூஞ்சிலயா இருக்குது?"

"காமிராவுல."

"யாரு வித்தா?"

"பெங்களூருக் கடக்காரன்."

"அப்ப அவன் வந்து சொல்லட்டும். ஓட்ட என் காமிராவுலதான்னு நாலு பேரு முன்னால அவன் வாயால சொல்லட்டும். அது வரைக்கும் எவளும் எங் கன்னத்தத் தொடக்கூடாது. அப்படியே படை இருந்தாத்தான் என்ன, நான் மனுசி இல்லியா?"

அந்தப் பெண்கள் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். சம்பந்தம் அதோடு முடிந்தது. துடைத்துப் பார்க்க விடாததால் சந்தேகம் உறுதியாகிவிட்டது என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள்.

பிறகு உங்கள் கடைக்கு வந்தேன். ஞாபகம் இருக்கும். வாடிக்கைக்காரர்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். காமிராவை மேஜை மேல் வைத்து, துருத்தியை விரித்து, ஓட்டையைக் காட்டினேன். நீங்கள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"எந்தக் கடையில வாங்கினது ஸ்வாமி?"

"இதே கடையில. நீங்கதான் கையில குடுத்தீங்க."

"அப்போ பில்லு காட்டுங்க."

"பில்லு வேண்டாம்னு சொன்னதே நீங்கதான?"

"பில்லு இல்லாம நான் ஒரு பிலிம் சுருள்கூட விக்கறதில்ல" என்று மற்ற மூவரையும் பார்த்துச் சொன்னீர்கள். "எங்கயோ பழசு வாங்கிட்டு இங்க வந்து தகராறு பண்றார். தினம் ஒருத்தர் வர்றாங்க."

நான் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, வேறு காமிராவும் கேட்கவில்லை. அந்த மூன்று பேருக்கும் அது தெரியும். உங்கள் கடைத் தாளில் ஒரு வரி எழுதி முத்திரை குத்திக் கொடுங்கள் என்றுதான் கேட்டேன். இந்தக் காமிராவின் துருத்தியில் ஓட்டை இருக்கிறது, படத்தில் விழும் வெளுப்பு அதனால் வருவது என்று ஒரு வரி. ஒரு பெண்ணின் காரியம் அதில் இருக்கிறது என்றும் சொன்னேன். கடை ஆளைக் கூப்பிட்டு, "இவருக்கு வழி காட்டு" என்றீர்கள்.

நான் வாசலில் நின்று கத்தினேன். கத்தியதால் எனக்குத்தான் கெட்ட பெயர். லுங்கியில் கிரீஸ் கறையோடு நிற்கிறவன் சொல்வதையா, அலமாரிக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையோடு நிற்கிறவர் சொல்வதையா, ஊர் எதை நம்பும்?

இது நடந்து நான்கு வருஷம் ஆகிறது. தங்கை சொன்ன சொல்லை மாற்றவில்லை. இரண்டு இடம் வந்தது, இரண்டு பேரும் கன்னத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள், இரண்டு பேரையும் அவளே திருப்பி அனுப்பினாள். கொல்லி வேலை முழுவதும் இப்போது அவள் கையில்தான். சந்தைக்கும் அவளே போகிறாள். இடது பக்கம் வந்து நிற்கிறவர்களிடம், "வலது பக்கமும் பாத்துக்கோ, அதுவும் ஒண்ணுதான்" என்கிறாளாம். நான் இப்போது பாயின் தகர டப்பாவை இரவல் வாங்கித்தான் படம் எடுக்கிறேன். அதில் ஒரு வெளுப்பும் விழுவதில்லை. பெங்களூரில் யார் சாமான் வாங்கி வந்தாலும் பில் இருக்கிறதா என்று கேட்கிறேன். எல்லாரும் செருப்பைச் சேற்றில் மிதித்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

போன மாதம் உங்கள் கடைப் பக்கம் போனேன். கடை இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது. அலமாரியில் மடக்குக் காமிராக்களை வரிசையாக விரித்து வைத்திருக்கிறீர்கள். எத்தனை துருத்தியில் கருப்பு மை பூசியிருக்கிறதோ தெரியவில்லை.

அந்தக் காமிரா என்னிடம்தான் இருக்கிறது. இருபத்துநான்கு படங்களும், தங்கையின் படமும் இருக்கின்றன. நீங்கள் எனக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டாம், ஆள் அனுப்பிப் பேசவும் வேண்டாம். கெலமங்கலம் சந்தை வாரா வாரம் கூடுகிறது. பெங்களூரிலிருந்து பஸ் இருக்கிறது. வாருங்கள். அந்தப் பெரியப்பாவையும் வரச் சொல்கிறேன். நான் கூட்டத்துக்கு நடுவில் காமிராவுக்குள் டார்ச்சு லைட்டை வைத்து, மேலே ஒரு கம்பளியைப் போட்டு மூடுகிறேன். நீங்கள் கம்பளிக்குள் தலையை விட்டுப் பாருங்கள். பார்த்துவிட்டு வெளியே வந்து, அந்த மையைப் பூசியது யார், ஓட்டை இருப்பது தெரிந்துதான் விற்றீர்களா என்று எல்லார் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள். என் தங்கை முன்வரிசையில் நிற்பாள்.