மகனைப் பற்றி ஆங்கிலத்தில்

நான் எழுதிய ஆங்கிலத்தில் இதுவரை எவரும் பிழை கண்டதில்லை. வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று, இராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினேன். வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கு நான் அனுப்பிய கட்டுரைகளின் முடிவுகளை ஐயுற்ற மதிப்பீட்டாளர்கள் உண்டு. மொழியை ஐயுற்றவர் இல்லை. ஆனால் அந்த மொழி என் வாய்க்கு வரவில்லை. வகுப்பில் 'காப்பர் சல்பேட்ட எடுத்து வாட்டர்ல டிஸால்வ் பண்ணி' என்றுதான் பாடம் நடத்தினோம். அதுவே ஆங்கிலம் என்று ஆசிரியர்களும் மாணவர்களும் ஒப்புக்கொண்டிருந்தோம். கருத்தரங்குகளில் கட்டுரையைப் பார்த்து வாசித்துவிடுவேன். கேள்வி நேரம் வந்ததும் காது சரியாகக் கேளாதவனைப் போல முகத்தை வைத்துக்கொள்வேன். உடன் வந்தவர் யாராவது பதில் சொல்லிவிடுவார். இந்த ஏற்பாட்டில் பணி ஓய்வு வரை குறையொன்றும் நேரவில்லை.

என் ஒரே மகன் அயர்லாந்தில் வேலை பார்த்தான். அந்த நாட்டுப் பெண்ணையே மணந்துகொண்டான். அவர்களுக்கு ஒரு மகள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில், அலுவலகத்தில் நெஞ்சுவலி வந்து அவன் இறந்துபோனான். எங்கள் விசா வந்தபோது அங்கே எல்லாம் முடிந்திருந்தது.

அவன் இருந்தவரை ஞாயிறு பிற்பகல்களில் வீடியோ அழைப்பு வரும். பேத்தி சொல்வதை எங்களுக்கும், நாங்கள் சொல்வதைப் பேத்திக்கும் அவனே மொழிபெயர்ப்பான். அவனுக்குப் பிறகும் மருமகள் ஒரு ஞாயிறுகூடத் தவறவிட்டதில்லை. மொழிபெயர்க்கத்தான் ஆள் இல்லை. இதனால் என் மனைவிக்கு இடர்ப்பாடு ஏதும் நேர்ந்ததாகத் தெரியவில்லை. "ஏட்டி, என்ன சாப்ட்ட?" என்று கைபேசியைப் பார்த்துக் கேட்பாள். பேத்தி ஆங்கிலத்தில் எதையோ சொல்வாள். "ஆமாமா, நல்லாத் தின்னு. எலும்பாக் கெடக்க" என்பாள் இவள். இருவரும் சிரிப்பார்கள். நான் பின்னால் நின்று, சொல்லவேண்டிய வாக்கியத்தின் காலத்தையும் எண்ணையும் சரிபார்த்துக்கொண்டிருப்பேன். அது தயாராகும்போது அழைப்பு முடிந்திருக்கும்.

பேத்திக்கு ஏழு வயது ஆனபோது மருமகளிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தன் வயதில் அப்பா எப்படி இருந்தார் என்று குழந்தை நாள்தோறும் கேட்பதாகவும், தனக்கு அதில் ஒன்றும் தெரியாதென்றும், தெரிந்தவர்கள் இந்த உலகில் நாங்கள் இருவர் மட்டுமே என்றும் எழுதியிருந்தாள். நான் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். அதை வாசித்துக் காட்டினாளாம். முதல் பக்கம் முடிவதற்குள் குழந்தை எழுந்து விளையாடப் போய்விட்டதாம். பள்ளிக்கூடப் புத்தகம் போல இருக்கிறது, தாத்தா வாயால் சொல்லட்டும் என்றாளாம் பேத்தி.

"இதுல என்ன கெடக்கு?" என்றாள் மனைவி. "நான் சொல்லச் சொல்ல நீங்க இங்கிலீசுல சொல்லுங்க. அம்புட்டுத்தான."

அடுத்த ஞாயிறு அப்படியே செய்தோம். அவள் ஒரு வாக்கியம் சொன்னாள். நான் கைபேசியின் முன் அமர்ந்து, அதற்குப் பொருத்தமான வினைச்சொல்லைத் தேடினேன். இரண்டு சொற்கள் கிடைத்தன; எது சிறந்தது என்பதில் முடிவுக்கு வர முடியவில்லை. திரையில் பேத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாயின் பக்கம் திரும்பி, தாத்தாவின் படம் நின்றுவிட்டது, இணைப்புச் சரியில்லை போலும் என்றாள். மருமகள் அழைப்பைத் துண்டித்து மறுபடி போட்டாள். மறுபடியும் நான் அப்படியேதான் இருந்தேன்.

ஆங்கிலம் பேசப் பழகுவது என்று முடிவு செய்தேன். இராஜபாளையத்தில் எந்த வகுப்பிலும் போய்ச் சேர முடியாது. தெருவுக்கு இரண்டு பழைய மாணவர்கள் இருக்கிறார்கள். ஆகவே பேருந்து ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். நீதிமன்றத்துக்குப் போகும் வழியில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி நடப்பதாகப் பலகை பார்த்திருந்தேன். படியேறி உள்ளே போனதும் மேசைக்குப் பின்னால் இருந்தவர் துள்ளி எழுந்தார்.

"சார், வாங்க சார். யாரச் சேக்கணும் சார்?"

"எனக்குத்தான்."

அவர் சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

"சார், ஒங்க பேப்பர்ல ரெண்டு தடவ அரியர் வச்சவன் சார் நான். ஒங்கள ஒக்கார வச்சு நான் 'ஹவ் ஆர் யூ' கேட்டேன்னு தெரிஞ்சா, எங்க செட்டு பூரா சிரிப்பானுவ."

"பரவாயில்லை. கேளுங்கள்."

"ஹவ் ஆர் யூ, சார்?" என்று நின்றபடியே, கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

'ஃபைன்' என்பதா, 'வெல்' என்பதா என்று யோசித்தேன். ஜன்னலுக்கு வெளியே மதுரைப் பேருந்து ஒன்று நெடுநேரம் ஒலியெழுப்பியது. அது போய்விட்ட பிறகும் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"டீ சொல்லவா சார்?" என்றார் அவர்.

தேநீர் குடிக்கும்போது அவராகவே ஒன்று சொன்னார். "தெரிஞ்சவன் முன்னால ஒங்களுக்கு வாய் வராது சார். எனக்கே பயமா இருக்குல்லா, ஒங்களுக்கு இருக்காதா? வெளிநாட்டுல நாலு வாரம் எட்டு வாரம்னு கிளாஸ் இருக்கு. அங்க ஒங்கள யாருக்கும் தெரியாது. தப்புத் தப்பாப் பேசலாம்."

தப்புத் தப்பாகப் பேசுவதற்கு ஒருவன் கடல் கடந்து போகவேண்டும் என்பதை ஏற்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. மருமகளின் ஊரிலிருந்து ரயிலில் அரை மணி நேரத் தொலைவில் அப்படியொரு பள்ளி இருந்தது. அவள் தன் வீட்டிலேயே தங்கச் சொன்னாள். பேச வந்த பிறகு வந்து தங்குகிறேன் என்று எழுதிவிட்டு, பள்ளியின் விடுதியிலேயே அறை கேட்டேன். மனைவி உடன் வர மறுத்தாள். "அவன் இல்லாத ஊருல எனக்கு என்ன சோலி? நீங்க போய்ப் படிச்சிட்டு வாங்க" என்றாள்.

முதல் நாள் தேர்வு வைத்தார்கள். எழுத்துத் தேர்வில் மிக உயர்ந்த நிலை கிடைத்தது. பேச்சுத் தேர்வில் மிகத் தாழ்ந்த நிலை. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அலுவலர், வேறொருவருடைய தாள் கலந்துவிட்டதோ என்று ஐயுற்று என் கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்தார். கடைசியில் தொடக்கநிலை வகுப்புக்கு அனுப்பினார்கள். அங்கே என்னோடு சேர்த்து எட்டுப் பேர். என்னை விட்டால் மூத்தவருக்கு வயது இருபத்தாறு.

அந்த வகுப்பில் எனக்கு ஏற்பட்ட எரிச்சலை இப்போதும் முழுமையாகச் சொல்ல இயலவில்லை. ஆசிரியை ஒரு மஞ்சள் பந்தை எறிவார். பிடிப்பவர் அடுத்தவரைக் கேள்வி கேட்டபடி அதை எறியவேண்டும். வார இறுதியில் என்ன செய்தாய், எந்த ஐஸ்கிரீம் பிடிக்கும், கடலில் குளிப்பாயா. ஒரு வாக்கியத்தில் மூன்று பிழை செய்கிற பிரேசில் நாட்டு இளைஞன் மூச்சுவிடாமல் பேசினான், எல்லோருக்கும் புரிந்தது. பிழையே செய்யாத நான் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிழைகளை மனத்துக்குள் திருத்துவதில்தான் என் காலம் போயிற்று. அவனுடையதையும் சேர்த்துத் திருத்தினேன்.

இரண்டாம் வாரம், குடும்பத்தைப் பற்றி ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னார். என் முறை வருவதற்கு நேரம் இருந்ததால் ஆயத்தம் செய்துகொள்ள முடிந்தது. முறை வந்ததும் எழுந்து சொன்னேன்: "மை ஒன்லி சன் எக்ஸ்பயர்ட் டூ இயர்ஸ் பேக்."

இந்த 'எக்ஸ்பயர்ட்' என்ற சொல்லை நான் கல்லூரியில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஊழியர் யாராவது காலமானால் இரங்கல் சுற்றறிக்கை எழுதும் பொறுப்பு என்னுடையது. அரசு அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் அதே சொல்தான். எங்கள் பக்கத்தில் வேண்டியவர்களைப் பற்றிச் 'செத்துப்போனார்' என்று யாரும் சொல்வதில்லை, 'தவறிட்டாக' என்போம். அந்தத் 'தவறிட்டாக'வுக்கு ஆங்கிலத்தில் இருக்கும் மரியாதையான சொல் இதுதான் என்று நான் நம்பியிருந்தேன்.

ஆசிரியை பலகையின் பக்கம் திரும்பி என் வாக்கியத்தை எழுதினார். பச்சை மையால் இரண்டு இடத்தில் அடித்தார். பாலும் கடவுச்சீட்டும்தான் 'எக்ஸ்பயர்' ஆகும், மனிதர்களுக்கு 'டைடு' என்று சொல்லவேண்டும் என்றார். 'பேக்' அல்ல, 'அகோ'. எழுதி முடித்துவிட்டு, பலகையைப் பார்த்தவாறே, முழு வாக்கியத்தையும் மறுபடி சொல்லச் சொன்னார்.

சொன்னேன்.

நன்றாக இருக்கிறது, இன்னும் சற்றுச் சத்தமாக என்றார்.

மறுபடியும் சொன்னேன். அந்த வாக்கியத்தை அதற்கு முன் தமிழில்கூட நான் எவரிடமும் சொன்னதில்லை. துக்கம் கேட்டு வந்தவர்கள் எல்லோரும் தெரிந்துகொண்டுதான் வந்தார்கள். சொல்லவேண்டிய தேவை எழவில்லை. பிரேசில் இளைஞன் தன் தண்ணீர்க் குப்பியை என் பக்கம் நகர்த்தி வைத்தான். அப்போதுதான் ஆசிரியை திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அவருடைய முகம் கழுத்து வரை சிவந்துவிட்டது. வருந்துகிறேன், மிகவும் வருந்துகிறேன் என்றார்.

"நோ பிராப்ளம்" என்றேன். அந்த நான்கு வாரங்களில் யோசிக்காமல் நான் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

அதன்பின் அவர் என்னைத் திருத்தவே இல்லை. நான் கட்டியிருந்த தொகை திருத்துவதற்காகத்தான் என்பதை அவரிடம் சொல்ல விரும்பினேன். அதையும் சொல்ல வரவில்லை.

சனிக்கிழமைகளில் மருமகள் வீட்டுக்குப் போய் வந்தேன். முதல் மூன்று சனிக்கிழமைகளில் வானிலையைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் பேசினேன். பேத்தி மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மாடிக்குப் போய்விடுவாள். நான்காவது சனிக்கிழமை கடைசி வாய்ப்பு. திங்களன்று எனக்கு விமானம். அந்த வாரம் முழுவதும் ஒரு நிகழ்ச்சியை வாக்கியம் வாக்கியமாக எழுதி, மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மருமகள் சமையலறையில் இருந்தாள். பேத்தி சோபாவின் மறு ஓரத்தில் கால்களை மடக்கி உட்கார்ந்தாள்.

உன் அப்பாவுக்கு ஏழு வயது என்று தொடங்கினேன். எங்கள் கல்லூரி முதல்வரின் மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. அவருக்குக் கொடுக்க ஸ்ரீவில்லிபுத்தூரில் அரைக்கிலோ பால்கோவா வாங்கி வந்தேன். பால்கோவா என்பது பாலை நெடுநேரம் காய்ச்சிச் செய்யும் இனிப்பு. பொட்டலத்தை உன் அப்பாவிடம் கொடுத்து, மறுநாள் முதல்வர் வீட்டில் சேர்க்கச் சொன்னேன். அவன் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு, சாயங்காலம் கொஞ்சம், காலையில் கொஞ்சமாக அவ்வளவையும் தின்றுவிட்டான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் பேண்டேஜ் துணி நெய்கிற கூடம் இருந்தது. அங்கே கிடந்த கழிவுத் துணியை எடுத்து வந்து, அதே தாளில் அதே அளவுக்கு மடித்து வைத்து, நூல் சுற்றி, முதல்வர் கையில் கொடுத்துவிட்டு வந்தான். அவர் சம்பந்தி வீட்டார் முன்னிலையில் அதைப் பிரித்தார்.

பேண்டேஜா, என்றாள் பேத்தி.

ஆம், பேண்டேஜ் என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் சோபா ஆடியது. அப்பாவா, எங்கள் அப்பாவா என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு, நீங்கள் சிரித்தீர்களா தாத்தா என்றாள்.

இந்தக் கேள்விக்கு நான் ஆயத்தம் செய்திருக்கவில்லை. யோசிக்க நேரம் வேண்டுமானால் 'வெல்' என்று சொல்லி இழுக்கலாம் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். "வெல்" என்றேன். நான் சிரிக்கவில்லை. அந்தப் பொட்டலம் மறுநாள் ஆசிரியர் அறையில், எல்லோரும் பார்க்க, என் மேசைக்குத் திரும்பி வந்தது. வீட்டுக்குப் போய் மர அடிக்கோலால் அவனை அடித்தேன். முழங்காலுக்குக் கீழே, கோல் முறியும் வரை. இதைச் சொல்ல எனக்கு மூன்று வினைச்சொற்கள் தேவைப்பட்டன. அவற்றில் ஒன்றின் இறந்தகால வடிவம் மாறுமா மாறாதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, பேத்தி சோபாவிலிருந்து குதித்துச் சமையலறைக்கு ஓடிவிட்டாள்.

அங்கே தாயிடம் அவள் சொல்வது எனக்குக் கேட்டது. அவள் சொன்ன கதையில் கட்டில் படுக்கை அறை ஆகியிருந்தது. முதல்வர் மேயர் ஆகியிருந்தார். முடிவில், தாத்தா சிரித்தார், சிரித்துக்கொண்டே இருந்தார் என்றாள். மருமகளும் சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது அதுவே முதல் முறை. இல்லை, நான் அவனை அடித்தேன் என்ற வாக்கியம் அதற்குள் பிழையின்றித் தயாராகியிருந்தது. நான் எழுந்து சமையலறை வாசல் வரை போனேன். அவர்கள் தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை உருளைக்கிழங்கு வேண்டும் என்று மருமகள் கேட்டாள். இரண்டு என்றேன்.

மறுநாள் காலை மனைவியிடம் பேசினேன்.

"சொல்லிட்டியளா?"

"சொன்னேன். பால்கோவா கதை."

"சிரிச்சாளா?"

"நல்லாச் சிரிச்சா."

அவளுக்குப் பின்னால் தெருவில் காய்கறி வண்டிக்காரரின் ஒலிபெருக்கி கேட்டது.

"அடிச்சதச் சொன்னியளா?"

"இல்லை."

"ஏன், அதுக்கு இங்கிலீசு இல்லையாக்கும்?"

"இருக்கு" என்றேன்.