ஹில்டா டீச்சர் குத்திய சாப்

எங்கள் தோட்டப் பள்ளியில் ஹில்டா டீச்சருக்கு ஒரு பழக்கம். கையில் அகப்படும் எந்தக் காகிதத்திலும் பள்ளி முத்திரையைக் குத்திவிடுவார். சாப் இல்லாத காகிதத்தை அரசாங்கமே மதிக்காது, பிள்ளைகள் எப்படி மதிப்பார்கள் என்பார். பக்கத்து வகுப்பில் பாடம் நடத்திய எனக்கு அந்த டப் டப் சத்தம் கேட்டாலே எரிச்சல் வரும். ஆனால் அவரைப் போல மனசு வைத்துச் சொல்லிக்கொடுக்க இன்னொருவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

எண்பத்தெட்டில் அவருடைய ஆறாம் வகுப்பில் பத்தொன்பது பேர். கணக்குப் பயிற்சிப் புத்தகமோ ஒன்றே ஒன்று. ஓய்வு பெற்றுத் தைப்பிங்கில் இருந்த மரியஜோசப் வாத்தியார் எழுதி அச்சிட்டது. ஹில்டா ஈப்போவுக்கு பஸ் ஏறிப்போய் முழுப் புத்தகத்தையும் பத்தொன்பது பேருக்கும் போட்டோஸ்டேட் எடுத்து வந்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருந்த வாத்தியாரின் பெயர்மேல், வழக்கம்போல, டப்.

அந்தத் தாள்களோடு ஒரு பிள்ளையின் குடும்பம் தைப்பிங்குக்குக் குடிமாறியது. அங்கே அவை வாத்தியார் கண்ணில் பட்டுவிட்டன, எந்தப் பள்ளி என்று சாப்பே காட்டிக்கொடுத்தது. மறுமாதம் வாத்தியாரிடமிருந்து கடிதம்: வியாழக்கிழமை நேரில் வருகிறேன்.

ஹில்டா அப்போது தற்காலிக ஆசிரியைதான். நிரந்தர வேலைக்கான கடிதம் வர வேண்டிய நேரம். போன வருஷம்தான் பதிப்புரிமைக்குப் புதுச்சட்டம் போட்டிருந்தார்கள். கல்வி இலாகாவுக்கு வாத்தியார் ஒரு வரி எழுதினால் வேலை போச்சு. மூன்று நாள் ஹில்டா சரியாகச் சாப்பிடவில்லை. நான் திட்டினேன், வேறென்ன செய்ய?

வாத்தியார் பள்ளி ஆபீசுக்கு வந்தார், கையில் அந்தத் தாள். ஹில்டா எழுந்து, நான்தான் எடுத்தேன், முழுசாக எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டார்.

“பாடத்துக்கு ரெண்டு மூணு பக்கம் எடுத்திருந்தா நான் ஏன் டீச்சர் பஸ் ஏறி வாரேன்? முழுசா எடுத்தா அப்புறம் புத்தகத்த யாரு வாங்குவா? அதுகூடப் பரவால்ல லா. ஏழு வருஷம் உக்காந்து எழுதினேன். என் பேரு மேலயே குத்திட்டீங்களே.”

ஹில்டா அழுதுவிட்டார். பெயரை மறைக்கும் எண்ணமே அவருக்கு இல்லை. இடம் பார்த்துக் குத்துகிற ஆளா அவர்! பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய், ஒவ்வொரு தாளிலும் வாத்தியாரின் பெயரை எழுதச் சொன்னார். மிச்சமிருந்த பதினெட்டுப் பேரும் தலை குனிந்து எழுதினார்கள். வாத்தியார் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தார். ஒரு பிள்ளையின் கணக்கைத் திருத்தினார், இன்னொரு பிள்ளைக்குச் சரி போட்டார். போகப் போக அவர் முகம் இளகியது. எனக்கும் மூச்சு வந்தது.

ஆபீசுக்குத் திரும்பியதும் ஒரு தாள் கேட்டு வாங்கி எழுதினார்: இந்த ஆண்டு, இந்தப் பள்ளியில், இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் என் புத்தகத்தின் நகலைப் பயன்படுத்த அனுமதிக்கிறேன். கையெழுத்துப் போட்டு ஹில்டாவின் பக்கம் நகர்த்தினார்.

“இதுல குத்துங்க டீச்சர். என் பேர விட்டுட்டு.”

நான் பார்த்த இத்தனை வருஷத்தில் அந்த ஒரு தடவைதான் ஹில்டா இடம் பார்த்து, சத்தமே வராமல் சாப் வைத்தார்.