என்னிடம் கேட்காத கேள்விகள்

அறுபதுகளின் தொடக்கத்தில், அச்சங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் பெட்டிகளில் குச்சி அடைக்கும் வேலை பார்த்தேன். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போயிருந்தபோது, நான் உட்காரும் மூலையில் பெட்டிகள் குப்பென்று பற்றிக்கொண்டன. மண்ணை அள்ளிப்போட்டு அணைத்துவிட்டார்கள். யாருக்கும் காயமில்லை. ஆனால் தீக்குச்சி மருந்து கலக்கும் அறை சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

கணக்கப்பிள்ளை என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் சத்தம் போடாததே எனக்குப் பயமாக இருந்தது.

"வீட்டுல பால அடுப்புல வச்சிட்டு மறந்திருக்கியாம்மா?"

"ஒண்ணு ரெண்டு தடவ பொங்கியிருக்குய்யா."

"கோவம் வந்தா கையில இருக்கறத வெடுக்குனு வைப்பியா?"

"எப்பவாச்சும்."

"வேல செய்யும்போது வேற நெனப்பு ஓடுமா?"

"ஓடும்யா."

ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நான் சொன்னதெல்லாம் உண்மை. சொல்லச் சொல்ல அந்தத் தீயை நானே வைத்ததுபோல ஆகிக்கொண்டு வந்தது. போலீசில் கொடுப்பார்களோ, புருஷன் வீட்டில் என்ன சொல்வார்களோ என்று நினைப்பு ஓடியது.

அடுத்து, வாசலில் கேட்டுக்கொண்டு நின்ற, என் பக்கத்தில் உட்காரும் அக்காவை அழைத்தார். பழைய ஆள், அவருக்கு நம்பிக்கையானவள். நான் வாசலில் நின்றேன்.

"நீ நிதானமான ஆளுதானே? பூட்டுன கதவ இழுத்துப் பாத்துட்டுத்தானே வருவே?"

"ஆமாய்யா."

நானும் இழுத்துப் பார்ப்பவள்தான். துணிந்து உள்ளே போய்ச் சொன்னேன். "அய்யா, அக்காகிட்ட கேட்டத எங்கிட்டயும் கேளுங்க."

"கேட்டா நீயும் ஆமான்னுதான் சொல்லுவே."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம், "இவகிட்ட பால் பொங்குனதக் கேட்டீகளே, எங்கிட்டயும் கேளுங்க. நேத்துக்கூடப் பொங்கிருச்சு," என்றாள்.

"உனக்கு என்னமோ அவசர சோலி இருந்திருக்கும்," என்றார் அவர். "போங்க ரெண்டு பேரும்."

போலீசுக்குப் போகவில்லை. என்னை லேபிள் ஒட்டும் அறைக்கு மாற்றினார்கள். தீ எப்படிப் பிடித்தது என்று கடைசிவரை தெரியவில்லை.

புது அறையில் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் ஒரு பெட்டியைத் தவறவிட்டால், "கணக்கப்பிள்ள சும்மாவா இவள மாத்துனாக," என்பார்கள். அவர்கள் கையிலிருந்தும் பெட்டி விழும். அதை யாரும் பேசுவதில்லை. நாளாக ஆக நானும் என் கையைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தேன். முதல் பிள்ளை வயிற்றில் வந்ததும் வேலையை விட்டேன். "பிள்ளைய நீ தனியா வளத்துருவியா?" என்று மாமியார் சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் என் கையைப் பார்த்தேன்.