பாவாயி அக்காவின் இலையில் களி வைத்தவர்களுக்கு

கிளியூர்ப் பாதையில் விறகு கட்டிக்கொண்டிருந்தேன். மஞ்சக்குட்டை ஜீப்காரன் வண்டியை நிறுத்தி, "சின்னம்மா, பாவாயக்கா தவறிட்டாங்களாமுங்க. ஏறுங்க, போலாம்" என்றான். விறகை அப்படியே போட்டுவிட்டு ஏறினேன். அழுகை வரவில்லை. மஞ்சக்குட்டைத் திருப்பத்தில் கட்டியிருந்த பேனரைப் பார்த்ததும் வந்தது கோபம்தான்.

"தன் வாய்க்கு ருசியாய் ஒரு நாளும் உண்டறியாத தியாகத் தாய்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. பஸ் போர்டையும் கடைப் பலகையையும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கவும் எழுதவும் பழகினேன். ஆனாலும் ஒரு வரி பொய்யா மெய்யா என்று எனக்குத் தெரியும். இது முழுப் பொய். மேலே இருந்த படம் மதுரைப் பொருட்காட்சியில் எடுத்தது. அதில் அக்கா கையில் ஜிகர்தண்டா கிளாஸ் இருக்கும், பக்கத்தில் நான் இருப்பேன். என்னை வெட்டிவிட்டார்கள். கிளாஸையும் வெட்டி, அந்த இடத்தில் குத்துவிளக்கை ஒட்டியிருந்தார்கள். மேலுதட்டில் இருந்த பாலேடு மட்டும் எப்படியோ தப்பியிருந்தது.

அவளோடு காப்பிக் காட்டில் பழம் பறித்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு உண்மை தெரியும். தெரிந்தும் பேனருக்குக் கீழே நின்று உச்சுக் கொட்டினீர்கள்.

அக்காவுக்கு வருஷத்தில் இரண்டு நாள் உண்டு. பறிப்பு முடிந்து சித்திரை பிறந்ததும், பிள்ளைகளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு மதுரைக்குப் புறப்படுவாள். துணைக்கு நான். அங்கே எங்களுக்குச் சொந்தம் கிடையாது, ஒரு சோலியும் கிடையாது. வேண்டியதைச் சாப்பிடுவோம், வேண்டியதைக் குடிப்போம், மகாலைப் பார்ப்போம், பொருட்காட்சி மேடையில் நாடகமோ பாட்டோ நடந்தால் உட்கார்ந்து கேட்போம். திரும்பி வந்து மறுநாள் காட்டுக்குப் போவோம். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

மலையில் கூலி வேலை செய்கிறவள் கீழே இறங்கினால் காரணம் இருக்க வேண்டுமாம். ஆஸ்பத்திரி, கோர்ட், கல்யாணம், சாவு. எதுவும் இல்லையென்றால் கோயில். முதல் தடவை அக்கா லீவு கேட்கப் போனபோது எஸ்டேட் ரைட்டர் கூலிப் பேரேட்டை விட்டு நிமிரவே இல்லை.

"மதுரைக்கா? அம்மனைக் கும்பிடவா?"

"இல்லீங்க. கறி தோசை திங்கறதுக்கு."

அங்கே இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ரைட்டர் கெட்டவர் இல்லை. "கோயிலுக்குன்னு சொல்லு பாவாயி, நானும் மேனேஜர்கிட்ட அப்படியே சொல்லிக்கறேன்" என்றார்.

"சாமி கும்பிடப் போறன்னு சொல்லிட்டுத் தோசையைத் தின்னா, சாமிகிட்டயும் பொய், தோசைகிட்டயும் பொய்யுங்க" என்றாள் அக்கா.

லீவு கிடைக்கவில்லை. போனோம். திரும்பி வந்ததும் அவளை உர மூட்டை தூக்க மேட்டுக் காட்டுக்கு அனுப்பினார்கள். மழை பிடிக்கும்வரை தூக்கினாள். "தின்னது செரிக்கணுமில்ல கண்ணு" என்று என்னிடம் சொன்னாள். அடுத்த சித்திரையிலும் ரைட்டர் முன்னால் போய் நின்று அதே காரணத்தைச் சொன்னாள்.

பட்டணத்துக்காரர்கள் வரிசையாகக் காரில் ஏறி இங்கே வருகிறார்கள். ஏரியில் படகு விடுகிறார்கள், ரோட்டோரம் நின்று மிளகாய் பஜ்ஜி தின்கிறார்கள், நாங்கள் பழம் பறிப்பதைப் போட்டோ எடுக்கிறார்கள். எதற்கு வந்தீர்கள் என்று அவர்களை யார் கேட்டது? அவர்கள் வந்தால் ஓய்வு. நாங்கள் போனால் திமிர். இந்தக் கணக்கை யார் போட்டது என்று நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

மதுரையிலும் இதே கதைதான். பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் மேசைக்குப் பின்னால் இருந்தவர், "கூட ஆம்பளை இல்லையா?" என்றார். இல்லை என்றோம்.

"எதுக்கு வந்திருக்கீங்க?"

"சுத்திப் பாக்கறதுக்குங்க" என்றாள் அக்கா.

"பாத்துட்டு?"

"சாப்பிடுவோமுங்க."

"சாப்பிட்டுட்டு?"

"தூங்கறதுக்குத்தான் ரூம் கேக்கறமுங்க."

ஆஸ்பத்திரிக்கு வந்தோம் என்று சொன்னால் தருகிறேன் என்றார் அவர். அக்கா பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். "தின்னு பாக்கலாம்னு வந்தவளை நோயாளி ஆக்கறானே" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே நடந்தாள். மூன்றாவது லாட்ஜில் கேள்வி கேட்காமல் சாவி கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எத்தனை வருஷம் போனாலும் அந்த லாட்ஜைத் தவிர வேறு எதிலும் தங்க மாட்டாள்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஓட்டலில் உட்கார்ந்தால் சுவரில் இருக்கும் பலகையை நான் முழுவதும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். வாங்கப் போவதில்லை என்று தெரிந்த பண்டத்தையும் படிக்க வேண்டும். சப்ளையர் பொறுமை கெட்டு, "என்னதாம்மா வேணும்?" என்பான். "இருங்க சாமி, இன்னும் பாதிப் பலகை இருக்குது. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க" என்பாள். மகாலில் தூண்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நம்ம காட்டுச் சில்வர் ஓக் மரம் மாதிரியே நிக்குது. கீழ நின்னு மேல பாக்கறதுக்கு யாரும் கூலி குடுக்கல, அதான் நல்லாருக்குது" என்றாள்.

ஊருக்குத் திரும்பினால் பேச்சு காத்திருக்கும். மதுரையில் யாரை வைத்திருக்கிறாள் என்று கேட்டவர்களை எனக்குப் பேரோடு தெரியும். அவர்களில் இரண்டு பேர் அவள் சாவுக்கு மாலையோடு வந்து நின்றார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மறுநாள் கறியாக்கிப் படையல் போட்டார்கள். செத்தவருக்கு எது பிடிக்குமோ அதை இலையில் வைப்பது நம் வழக்கம். சுருட்டுக் குடித்தவருக்குச் சுருட்டுகூட வைக்கிறோம். அக்காவின் இலையைப் பார்த்தேன். ஒரு உருண்டை களி, கொஞ்சம் கீரை. வந்தவர்களுக்காக அடுப்பில் ஆட்டுக் கறி கொதித்துக்கொண்டிருந்தது.

"முருகேசா, இது யார் இலை?" என்று அவள் மகனைக் கேட்டேன்.

"அம்மாளுக்குத்தானுங்க சின்னம்மா."

"வந்தவங்களுக்குக் கறி, செத்தவளுக்குக் களியா?"

"வாழ்நாள் பூரா களிதானுங்க சாப்பிட்டாங்க."

"கிடைச்சதைச் சாப்பிட்டா. பிடிச்சதை வைக்கறதுக்குப் பேர்தான் படையல்."

அவன் என்னைத் தனியே கூட்டிப்போனான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பள்ளிக்கூடத்துல என்னைக் கேட்டாங்க சின்னம்மா, உங்கம்மா மதுரையில யாரைப் பாக்கப் போகுதுன்னு. செத்த பிறகாவது எங்கம்மாளுக்கு நல்ல பேர் இருக்கட்டும். மதுரைப் பேச்சை இங்க எடுக்காதீங்க."

அவன் பட்டது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. "பேனர்ல என்ன வேணா எழுதிக்க, அது ஊருக்கு. இந்த இலை அவளுக்கு. இதுலயும் பொய்யை வச்சா அவ பசியோட போயிருவா" என்றேன்.

அவன் வாசலுக்குப் போய் நின்றுகொண்டான். நான் அடுப்படிக்குப் போனேன். அவன் பெண்டாட்டி தோசை மாவை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். கல்லைப் போட்டு, மாவை ஊற்றி, முட்டையை உடைத்துவிட்டு, மேலே கறியைப் பரப்பினேன். பங்காளி ஒருவர் எட்டிப் பார்த்து, "படையலுக்குத் தோசையா? இதென்ன ஊடா, ஓட்டலா?" என்றார்.

"ஓட்டல்தானுங்க. உக்காருங்க, உங்களுக்கும் ஒண்ணு ஊத்தறேன்" என்றேன். அவர் போய்விட்டார்.

தோசையைக் கொண்டுபோய் இலையில் வைத்தேன். கற்பூரம் ஏற்றப் போனார்கள். வாசலில் இருந்து முருகேசன் குரல் வந்தது.

"இருங்க. ஒண்ணுதான் வச்சிருக்குது. அம்மா ரெண்டு திம்பாங்க."

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். அவன் யாரையும் பார்க்கவில்லை. "போயிட்டு வந்தா ஒரு வாரத்துக்கு அதையேதான் சொல்லிட்டிருக்கும். ரெண்டாவது தோசை முதல் தோசையை விட நல்லாருக்கும்னு" என்றான். களியை அவனே இலையின் ஓரத்துக்குத் தள்ளி இடம் பண்ணினான்.

இரண்டாவதை ஊற்றும்போது எனக்குக் கோபம் இன்னும் அதிகமாயிற்று. தெரிந்துகொண்டேதானே களியை வைத்தான். ஊர் வாய்க்குப் பயந்து பெற்றவளைப் பட்டினி போடப் பார்த்தான். அவனை அப்படிப் பயப்பட வைத்தவர்கள் யார் என்பதை இதைப் படிக்கிறவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்.

அக்காவின் சேலையில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். அவளிடமிருந்து எனக்கு வேண்டியதை அவள் உயிரோடு இருக்கும்போதே எடுத்துக்கொண்டேன். எனக்கு ஒன்று பிடிக்கும் என்றால், அதற்கு நோயையோ சாமியையோ துணைக்கு இழுக்காமல், பிடிக்கும் என்றே சொல்லுவேன். வருகிற சித்திரையில் தனியாக மதுரைக்குப் போகிறேன். சாப்பிடத்தான்.