இலை ஒட்டாத ரேடியேட்டர்

என் கொழுந்தனைக் "கொதிப்பு" என்று சொன்னால்தான் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கோபக்காரன் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். நான் இந்த வீட்டுக்கு வாழ வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. அவன் குரலை உயர்த்தி ஒரு நாள் கேட்டதில்லை. கொதித்ததெல்லாம் அவனுடைய ஜீப்தான்.

அது ஏலத்தில் எடுத்த பழைய வண்டி. மலைமேல் இருக்கும் மேல் குடியிருப்புக்கு வேறு எந்த வண்டியும் ஏறாது. பாதை என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். உருண்டைப் பாறையும் ஓடைச் சேறுமாகப் பதினோரு கிலோமீட்டர். நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்தால்தான் உண்டு. ஜீப் இழுத்துவிடும். ஆனால் பாறை மேல் ஊர்ந்து ஏறும்போது எஞ்சின் மெதுவாகச் சுற்றும். அதோடு பெல்ட் போட்டுக் கட்டிய ஃபேனும் மெதுவாகச் சுற்றும். ரேடியேட்டரில் தண்ணீர் தளதளவென்று கொதித்துவிடும். அப்புறம் அரை மணி நேரத்துக்கு மூடியில் கை வைக்க முடியாது. ஒரு தடவை ஏறி முடிப்பதற்குள் இப்படி இரண்டு மூன்று முறை நிற்கும்.

நான் சுகாதார நிலையத்தில் ஆயா. மாதத்தில் ஒரு வியாழக்கிழமை நர்ஸம்மாவோடு அவன் ஜீப்பில் மேலே போவேன். தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருவது என் வேலை. உள்ளே ஐஸுக்கு நடுவே மருந்து இருக்கும். வெளியே ஒரு சின்னத் திரையில் உள்ளே எவ்வளவு குளிர் என்று எண் தெரியும். எட்டு டிகிரியைத் தாண்டினால் அந்த மருந்தை நர்ஸம்மா குழந்தைக்குப் போட மாட்டார். ஜீப் வழியில் நின்று நின்றே இரண்டு மாதம் தொடர்ந்து எட்டைத் தாண்டிவிட்டது. வரிசையில் நின்ற தாய்மாரிடம் கையை விரித்துவிட்டுத் திரும்பினோம்.

டாக்டர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "இன்னும் ஒரு தடவை பாக்கலாம். அப்பவும் சூடாச்சுன்னா மேல முகாம் கிடையாது. அவங்க கீழ வந்து போட்டுக்கட்டும்."

கீழே வருவதென்றால் கைக்குழந்தையோடு நாலு மணி நேர நடை. திரும்பி ஏற அதைவிட அதிகம். யார் வருவார்கள்?

வீட்டுக்கு வந்து அவனிடம் சொன்னேன். ஜீப்பின் முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்துவிட்டான். அவன் சுபாவம் அது. எதையும் தொடுவதற்கு முன்னால் பார்ப்பான். ஒரு சாயங்காலம் முழுக்கப் பார்ப்பான்.

அவன் பெண்டாட்டி வாசலில் நின்று, "பாருங்கக்கா, இந்த ஜீப்பைப் பாக்கறதுல பாதி நேரம் என் மூஞ்சியப் பாத்திருந்தா நான் எப்படி இருந்திருப்பேன்!" என்றாள்.

"அவ கொதிக்கிறது பாக்காமலே தெரியும் அண்ணி. இதுக்குத்தான் பாக்கணும்" என்றான் அவன், தலையைத் திருப்பாமல்.

மறுநாள் காயலான் கடைக்குப் போனான். பின்பக்கம் நசுங்கின ஒரு சின்னக் கார் அங்கே கிடந்தது. அதன் முன்பக்கத்தில் கரண்ட் ஃபேன் முழுசாக இருந்தது. பேட்டரியில் ஓடுகிற ஃபேன். எஞ்சின் ஊர்ந்தாலும் ஓடினாலும் அது பாட்டுக்கு ஒரே வேகத்தில் சுற்றும்.

"அடிபட்ட வண்டியோட சாமான்யா. ராசி பாத்து எடுத்துட்டுப் போ" என்றாராம் கடைக்காரர்.

"காத்துக்கு ஏதுங்க ராசி?" என்று கேட்டிருக்கிறான். கடையில் இறுகிக் கிடந்த பாரம் தூக்கும் சங்கிலியை விலைக்குப் பதிலாக ஓட வைத்துக் கொடுத்துவிட்டு, ஃபேனைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான்.

எஞ்சின் பக்கம் அதை வைக்க இடம் போதவில்லை. பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு, இதை ரேடியேட்டருக்கு முன்னால், முகப்புக் கம்பித் தடுப்பான கிரில்லுக்கும் அதற்கும் நடுவே பொருத்தினான். காரில் இருந்த மாதிரியே இறக்கை ரேடியேட்டரைப் பார்க்க, மோட்டாரின் முதுகு மறுபக்கம். பட்டை இரும்பில் இரண்டு தாங்கி அடித்து, துளை போட்டு, நடுவே சைக்கிள் டியூபை வெட்டி மெத்தை கொடுத்தான்.

"ரெண்டு கம்பி விட்டு ரேடியேட்டரோடவே கட்டிட வேண்டியதுதானே தம்பி?" என்று கேட்டேன்.

"அந்தத் தகடெல்லாம் காயிதம் மாதிரி அண்ணி. அதுமேல பாரம் வைக்கறது பாவம்" என்றான். பாவம் என்ற சொல்லை இரும்புக்கும் சொல்லலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பேட்டரியிலிருந்து கனமான வயர் எடுத்து, ஃபியூஸ் வைத்து, ரிலே என்று ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியும் வைத்தான். அது எதற்கு என்று கேட்டேன். "சுவிட்சு மேஸ்திரி மாதிரி. உத்தரவு மட்டும்தான் போடும். சுமை தூக்கறது இந்தப் பெட்டிதான்."

எல்லாம் முடிந்து எஞ்சினை ஓட விட்டு, சுவிட்சைப் போட்டான். "அண்ணி, முன்னாடி வந்து நில்லுங்க. காத்து வருதா?"

"வருதே!"

"நல்லா வருதா?"

"புடவையே பறக்குது தம்பி!"

அவன் முகம் மலர்ந்துவிட்டது. அரை மணி நேரம் நின்றபடியே எஞ்சின் ஓடியது. சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை. நான் உள்ளே போய்க் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் கிளம்பினோம். ஓடை தாண்டும் வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வளைவில் முள் மளமளவென்று ஏறியது. எப்போதும் நிற்கிற இடத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே ஆவி கிளம்பிவிட்டது. பழைய ஃபேன் இருந்தபோதுகூட இவ்வளவு சீக்கிரம் கொதித்ததில்லை.

நர்ஸம்மா என் மடியைப் பார்த்தார். திரையில் ஐந்து புள்ளி இரண்டு. "அக்கா, பெட்டிய நிழல்ல வைங்க" என்று மட்டும் சொன்னார். ஒரு மரத்தடிக்குப் போய், ஈரத் துண்டைப் பெட்டி மேல் போர்த்தி, அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். 'சாமி, எட்டு மட்டும் வேண்டாம்' என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவன் ஜீப்பின் முன்னால் குந்தி, கிரில்லையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னப்பா, வேடிக்கை பாக்கவா வந்தோம்? ஏதாவது பண்ணு!" என்றார் நர்ஸம்மா.

"பண்றேன் சிஸ்டர். கொஞ்சம் பாத்துக்கறேன்."

ஐந்து நிமிடம் இருக்கும். அப்புறம் மெதுவாகச் சொன்னான். "அண்ணி, இங்க ஒண்ணுமே இல்ல."

"என்ன இல்ல?"

"இலை இல்ல. பூச்சி இல்ல. இவ்வளவு தூரம் வந்தா எப்பவும் நாலு சருகாவது வந்து ஒட்டியிருக்கும். இன்னிக்கு யாரோ பெருக்கி விட்ட மாதிரி இருக்கு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லோரும் இருப்பதைப் பார்ப்போம். இவன் இல்லாததைப் பார்க்கிறான்.

"சிஸ்டர், கொஞ்சம் பஞ்சு குடுங்க."

"ஐயோ, யாருக்கு அடி?"

"வண்டிக்குத்தான்."

ஃபேனைப் போட்டு, பஞ்சைக் கிரில்லுக்கு முன்னால் பிடித்து விட்டான். அது கிரில்லில் ஒட்ட வேண்டும். ஆனால் எதிர்ப்பக்கமாகப் பறந்து போய்ப் புதரில் விழுந்தது.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. "தம்பி, புடவை பறக்குதுன்னு நான்தானே சொன்னேன்!"

"நீங்க உள்ளதைத்தான் சொன்னீங்க அண்ணி. அது பறக்கவே கூடாது. அதுகூட உறைக்காம நான் சந்தோஷப்பட்டேன் பாருங்க" என்று தலையில் தட்டிக்கொண்டான்.

காரில் அந்த ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று காற்றை இழுத்தது. அதையே முன்னால் கொண்டுவந்து முகம் திருப்பி வைத்ததும், காற்றை வெளியே தள்ள ஆரம்பித்துவிட்டது. வண்டி நிற்கும்போது எந்தப் பக்கம் போனாலும் காற்று காற்றுதான், தண்ணீர் ஆறிவிடும். வண்டி நகரும்போது எதிரே வருகிற காற்றும் ஃபேன் தள்ளுகிற காற்றும் மல்லுக்கு நிற்கும். நடுவே ரேடியேட்டருக்கு மூச்சு முட்டும். இவ்வளவையும் கிரில்லைக் கழற்றியபடியே சொல்லி முடித்தான்.

தரையில் துண்டை விரித்தான். கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே வைத்தான். சிவப்பு வயர் இருந்த இடத்தில் கறுப்பு, கறுப்பு இருந்த இடத்தில் சிவப்பு. ஃபேன் இனி எதிர்ப்பக்கம் சுற்றும். அதோடு விடவில்லை. நடுவே இருந்த கிளிப்பை எடுத்து, இறக்கையையும் கழற்றிப் புரட்டிப் போட்டான். சுற்று மாறினால் இறக்கையின் வளைவும் மாற வேண்டுமாம், இல்லாவிட்டால் பாதிக் காற்றுதான் வருமாம். அனல் அடிக்கிற எஞ்சினுக்குப் பக்கத்தில் அந்தக் கை ஒரு தடவைகூடப் பதறவில்லை. குழந்தைக்குத் துணி மாற்றுகிற கை மாதிரி இருந்தது.

திரையில் ஆறு புள்ளி ஐந்து. நர்ஸம்மா எண்ணையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரப்படுத்தும் பேச்சு அவரிடம் நின்றுபோயிருந்தது.

ரேடியேட்டர் மூடியைச் சாக்கு சுற்றித் திறந்து, எஞ்சினை ஓட விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினான். சுவிட்சைப் போட்டான். இன்னொரு துளி பஞ்சு. கையை விட்டதும் அது கிரில்லில் போய் பட்டென்று ஒட்டிக்கொண்டது. அவன் அதை எடுக்கவில்லை. "இருக்கட்டும். அதுதான் இனிமே நமக்கு சாட்சி."

ஏறினோம். பாறையில் ஜீப் ஆடுகிற ஆட்டத்தில் என் பல்லெல்லாம் கிடுகிடுத்தது. நான் திரையைப் பார்க்கவில்லை. முள்ளையும் பார்க்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து கிரில் தெரியாது, ஆனாலும் அந்தத் துளிப் பஞ்சையே மனதுக்குள் பார்த்துக்கொண்டு வந்தேன். வழக்கமாகக் கொதிக்கிற மூன்று இடமும் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. மூன்றாவது இடம் தாண்டியபோது நர்ஸம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மேலே தாய்மார்கள் குழந்தைகளோடு நின்றிருந்தார்கள். யார் முகத்திலும் நம்பிக்கை இல்லை. நர்ஸம்மா குனிந்து திரையைப் பார்த்தார். ஏழு புள்ளி நாலு. எனக்குக் காட்டினார். அப்புறம் கை கழுவிக்கொண்டு, "முதல்ல யாரு? வாங்கம்மா" என்றார்.

முதல் குழந்தை வீறிட்டு அழுதது. வாழ்க்கையில் ஒரு அழுகையைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அவனைத் தேடினேன். ஜீப்புக்கு முன்னால் பழையபடி குந்தி உட்கார்ந்திருந்தான்.

"அண்ணி, இங்க வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். கிரில் நிறையச் சருகு. இரண்டு விட்டில். ஒரு பச்சை இலை. நடுவே, தூசி படிந்து பழுப்பாகிப்போன அந்தப் பஞ்சு. அவன் ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தான். நானும் பக்கத்தில் குந்திக்கொண்டேன்.

வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள். "என்ன கொதிப்பு, இன்னிக்கு எத்தனை தடவை?"

"ஒரே தடவைதான்" என்றான் அவன், பஞ்சை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தபடி. "அதுவும் என் புத்திதான் கொதிச்சுது."