முப்பத்திநாலரை இன்ச்

என் வீட்டுக்காரருடைய காது நன்றாகத்தான் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொல்லவேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான். மற்ற நேரத்தில் என் வாயை மூட ஆள் கிடையாது. சந்தேகம் என்றால் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அவர் பாட்டில் மூடி செய்கிற தொழிற்சாலையில் மெஷின் ஓட்டினார். ஒரு பக்கம் தகரத் தகடு போகும், மறுபக்கம் மூடிகள் கொட்டும். நடுவில் இடிக்கிற இடியில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. கூட்டாளிகள் அவரை 'மூடி' என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டிலும் அதிகம் பேசமாட்டார், அவர் பங்கையும் சேர்த்து நான் பேசிவிடுவேன். ஆனால் அந்த இரைச்சலுக்குள் மூடி வெட்டுகிற அச்சு தேய ஆரம்பித்தால் முதலில் அவருக்குத்தான் கேட்கும். கையைத் தூக்குவார். நிறுத்தித் திறந்து பார்த்தால் அச்சின் ஓரம் மழுங்கியிருக்கும். மூடி கையைத் தூக்கினால் மெஷினை நிறுத்து என்பது அங்கே எழுதாத சட்டம்.

நான் தையற்காரி. எங்கள் வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு தையல் மெஷின், ஒரு ஆளுயரக் கண்ணாடி, ஒரு நீளமான வெட்டு மேசை. இருபத்திநாலு வருடமாக அளக்கிறேன், அளவு தப்பிப்போனது என்று யாரும் வந்து நின்றதில்லை. தைக்கக் கொடுத்துவிட்டுப் போய்க் குண்டாகி வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

போன வருடம் தொழிற்சாலையில் எல்லாருக்கும் காது சோதனை நடந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்த மனிதர் பயத்தில் சத்தம் வராதபோதும் அமுக்கியிருக்கிறார். டாக்டர் சிரித்துவிட்டு, "வலது காதுல கீச்சுச் சத்தமெல்லாம் பாதி போயிடுச்சு. மத்தது இப்போதைக்கு நல்லா இருக்கு. பார்த்துக்கங்க" என்றாராம்.

வீட்டுக்கு வந்து சொன்னார். நான் சும்மா இருப்பேனா?

"நான் கத்துறது கேக்குதுல்ல? அது போதும் விடுங்க" என்றேன்.

சிரித்தார். ஆனால் 'பாதி போயிடுச்சு' என்பது மட்டும் அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. 'மத்தது நல்லா இருக்கு' என்பதை அவர் மறந்தேவிட்டார்.

இந்த நேரம் பார்த்துத்தான் கீபோர்டுக்காரர் வந்து சேர்ந்தார். கல்யாணத்துக்கு முன்பு என் வீட்டுக்காரர் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த குழுவில் கூட வாசித்தவர். ஷிப்டு வேலையில் கிட்டார் போய்விட்டது, நட்பு போகவில்லை. "அண்ணே, பழைய ஆளுங்கள்லாம் சேர்றோம். ஹோட்டல் ஒண்ணுல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வாசிக்கக் கேக்குறாங்க. பேஸ் கிட்டார் வாசிக்கத்தான் ஆளில்ல" என்றார்.

"பேஸ்னா நான் வர்றேன்" என்று பட்டென்று சொன்னார் இவர். எனக்கே ஆச்சரியம். அப்புறம் என்னிடம் தனியாகச் சொன்னார். "கீச்சுச் சத்தம்தானே போச்சு. பேஸ்னா தடிச்ச சத்தம், அடிச்சா வயித்துலயே கேக்கும்."

கடையில் வாங்குகிற ஆள் இல்லை அவர். பழைய வாத்தியம் பழுதுபார்க்கிற கடையின் குப்பையிலிருந்து ஒரு பேஸ் கிட்டாரின் கழுத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தார். குறுக்கே பதித்திருக்கிற ஃபிரெட் கம்பிகளெல்லாம் தேய்ந்து பல்லிளித்தன. அதனால் என்ன, ஃபிரெட்டே இல்லாமல் செய்துவிடுகிறேன் என்றார். சால்டரிங் அயர்னால் ஒவ்வொரு கம்பியாகச் சூடாக்கி, குறட்டால் நோகாமல் பிடுங்கினார். பிடுங்கிய வெட்டுகளில் பிளைவுட்டின் மேல்தோலைச் சீவி வைத்து ஒட்டினார். தேய்த்து முடித்ததும் கறுப்பு மரத்தில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் தெரிந்தன.

"கம்பி வேணாம்னுட்டு கோடு எதுக்கு?" என்று கேட்டேன்.

"ஃபிரெட் இல்லாததுல விரல் எங்க நிக்கணும்னு காதுதான் சொல்லணும். என் காதை நம்ப முடியாது. அதான் கண்ணுக்கு ஒரு கோடு" என்றார்.

உடம்புக்கு எங்கள் பழைய கட்டிலின் தலைமாட்டுப் பலகை. கல்யாணத்துக்கு வாங்கிய கட்டில். "அதை அறுக்கத்தான் போறீங்களா?" என்று ஒரு ஆட்டம் ஆடினேன். அவர் பாட்டுக்கு அறுத்தார். கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கிற நாலு முறுக்காணி நாலு இடத்திலிருந்து வந்தது, ஒன்றுக்கொன்று ஜாடையே இல்லை. எல்லா வேலையும் என் வெட்டு மேசை மேல். என் துணியில் மரத்தூள், அவர் பசையில் என் நூல். திட்டிக்கொண்டே இருந்தேன். ஆனால் அந்த மூன்று மாதம் அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது.

கடைசியாக பிரிட்ஜ் வைக்கிற நாள் வந்தது. கீழ்ப்பக்கம் கம்பிகளைத் தாங்குகிற இரும்புத் துண்டு அது. கழுத்தின் உச்சியில் கம்பி தொடங்கும் இடத்திலிருந்து சரியாக முப்பத்திநாலு இன்ச்சில் அது உட்கார வேண்டும். அவர் நடுக்கோடு விலகாமலிருக்க இரண்டு கையாலும் நூலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் அளந்து கோடு போடு. முப்பத்திநாலு. இம்மி மாறக்கூடாது" என்றார்.

பள்ளிச் சீருடை சட்டைகள் முப்பது பாக்கி கிடந்தன. வாயில் குண்டூசி. எரிச்சலோடு எழுந்து வந்தேன்.

"எனக்கே அளவு பாடம் எடுக்குறீங்களா?" என்று சொல்லிக்கொண்டே நாடாவைப் பிடித்தேன், சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தேன், மெஷினுக்குத் திரும்பிப் போனேன். மொத்தமே அரை நிமிடம். அவர் அந்தக் கோட்டின் மேல் துளை போட்டு பிரிட்ஜை முடுக்கினார்.

இரவல் ஸ்பீக்கரில் மாட்டி முதல் தடவை கம்பியைத் தட்டியபோது அலமாரியில் பாத்திரம் அதிர்ந்தது. "கேட்டியா?" என்றார். "கேக்காம? வீடே ஆடுது" என்றேன். குழந்தை மாதிரி சிரித்தார்.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூட இருக்கவில்லை. கழுத்தின் உச்சிப்பக்கம் வாசிக்கும்போது ஒழுங்காகத்தான் இருந்ததாம். கை கீழே இறங்க இறங்க, சுருதி தொங்குகிற மாதிரி அவருக்குக் கேட்டிருக்கிறது. குனிந்து பார்ப்பார், விரல் கோட்டின் மேல்தான் இருக்கும். மறுபடி வாசிப்பார். மறுபடி குனிவார். எனக்குச் சுருதியும் தெரியாது, கிருதியும் தெரியாது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தால் எரிச்சல் மட்டும் வரும்.

"கோடு சரியா இருக்கு. என் காதுலதான் தப்பாக் கேக்குது" என்றார்.

"செவிட்டுக் காதை வச்சுக்கிட்டு எதுக்குங்க இந்த வேலை? பேசாம ஒத்துக்க வேண்டியதுதானே!" என்றேன்.

சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன். அவர் பேஸைச் சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் அதை எடுக்கவே இல்லை.

எனக்கு மனசு உறுத்தியது. வாயால் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை, கையால்தான் தெரியும். அதற்கு ஒரு உறை தைத்துக்கொடுக்கலாம் என்று தடித்த துணி எடுத்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் வேலைக்குப் போனபின் பேஸை மேசையில் படுக்கவைத்து அளந்தேன். பிரிட்ஜ் துருத்திக்கொண்டிருந்தது, அந்த இடத்தில் உள்ளே மெத்தை வைக்க வேண்டும். உச்சியிலிருந்து பிரிட்ஜ் வரை நாடாவைப் பிடித்தேன்.

முப்பத்திநாலரை.

பழைய நாடா தப்புக் காட்டுகிறதோ என்று புது நாடாவால் அளந்தேன். முப்பத்திநாலரைதான். அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என்ன நடந்தது என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. துணியில் எந்த அளவு எடுத்தாலும் தையலுக்கு அரை இன்ச் விட்டுத்தான் கோடு போடுவேன். இருபத்திநாலு வருடமாக என் கை அதைத் தானாகவே செய்கிறது, என்னைக் கேட்பதில்லை. என் வீட்டுக்காரர் செய்த மரத்துக்கும் தையலுக்கு அரை இன்ச் விட்டிருக்கிறேன், பாவி.

அவருக்குத் தப்பாகக் கேட்டது தப்பாக இருந்ததால்தான். பிரிட்ஜ் தள்ளி உட்கார்ந்ததால் அத்தனை கோடும் பொய். காது ஒன்றுதான் அங்கே உண்மை சொன்னது.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். அவர் வந்து செருப்பைக் கழற்றும்போது வாய்வரைக்கும் வந்தது. இத்தனை வருடம் அளவு அளவு என்று ஆடியவள், என்ன முகத்தோடு சொல்வது? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். வாசிப்பை விட்டபின் அவர் மாலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் பிரித்துக்கொடுத்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த நாட்களில் அவர் என் கண்ணெதிரே செவிடராகிக்கொண்டிருந்தார். நான் பேசினால் உதட்டைப் பார்த்தார். ரோட்டைக் கடக்கும்போது நாலு தடவை திரும்பிப் பார்த்தார். காய்கறிக்காரரிடம் "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றார். காய்கறிக்காரர் கத்திக்கொண்டுதான் இருந்தார். வியாழக்கிழமை என் மேசையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, "ஒரு பேனா குடு" என்றார்.

"என்ன எழுதப் போறீங்க?"

"காது சரியில்ல, என்னை ஸ்டோர்ரூமுக்கு மாத்துங்கன்னு. மெஷின்கிட்ட நிக்கிறவனுக்குக் காது வேணும். என்னை நம்பி யாராவது மெஷினுக்குள்ள கையை விட்டுட்டா?"

சாக்பீஸ் டப்பாவிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தேன். கொடுத்தேன், வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரம் சனிக்கிழமை கீபோர்டுக்காரர் வந்தார். பேஸை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடும்படி இவரே வரச்சொல்லியிருக்கிறார். எனக்கு அப்போதுதான் தெரியும்.

"அண்ணே, ஒரு தடவை யோசிங்க."

"யோசிச்சாச்சுப்பா. காது இருக்கிறவன்கிட்ட இருந்தா அதுக்கும் நல்லது. இந்தா, உங்க அண்ணி உறைகூட தைச்சு வச்சிருக்கா" என்று உறைக்குள் அதை நுழைக்கப் போனார்.

"ஐயோ, வைக்காதீங்க!" என்று கத்திவிட்டேன். "உங்க காதுல ஒண்ணுமில்லீங்க. நான்தான் தப்பா அளந்தேன். தையலுக்கு விடுற மாதிரி அரை இன்ச் விட்டுட்டேன்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் நாடாவை நீட்டி அளந்து காட்டினேன். என் வீட்டுக்காரர் பேஸை மடியில் வைத்தார். கண்ணை மூடினார். விரல் கம்பியில் வழுக்கிக்கொண்டு போய், கோட்டைத் தாண்டி கால் இன்ச் தள்ளி நின்றது. தட்டினார்.

"சுத்தமா நிக்குதுண்ணே!" என்றார் கீபோர்டுக்காரர்.

இன்னொரு இடம். இன்னொன்று. எல்லாம் சரியாக நின்றது. அவர் முகத்தில் சிரிப்பு வரத் தொடங்கியது. பாதியில் கண்ணைத் திறந்தார்.

"நீ அளந்ததாச்சேன்னுதான் நான் திரும்ப அளக்கல" என்றார். அப்புறம், "உனக்கு எப்பத் தெரியும்?"

"போன வாரம் செவ்வாய்க்கிழமை. உறைக்கு அளக்கும்போது."

"வியாழக்கிழமை பேனா கேட்டேனே. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

கத்தியிருக்கலாம். கையில் இருந்ததைத் தூக்கி அடித்திருக்கலாம். "சரி" என்று மட்டும் சொன்னார். கீபோர்டுக்காரர் டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் பிரிட்ஜைக் கழற்றினார். நான் நாடாவோடு போனேன். முப்பத்திநாலு பார்த்து, கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கோடு போட்டேன். அவர் பக்கத்து வீட்டுத் தச்சரிடமிருந்து வாங்கிவந்த இரும்பு ஸ்கேலை வைத்து அந்தக் கோட்டை அளந்தார். இரண்டு தடவை அளந்தார். அப்புறம்தான் துளை போட்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஹோட்டலில் வாசிக்கிறார். கோட்டைப் பார்ப்பதே இல்லையாம், கீபோர்டுக்காரர் சொல்கிறார். ஆனால் ஸ்டோர்ரூம் கடிதத்தைத் திரும்ப வாங்கப் போனபோது மெஷினுக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டிருந்தார்கள். மூடிப் பெட்டிகளை எண்ணி அடுக்குவதுதான் இப்போது அவர் வேலை.

போன வாரம் சாப்பிடும்போது சொன்னார். "மூணாம் நம்பர் மெஷின்ல அச்சு தேயுது. ஸ்டோர்ரூம் வரைக்கும் கேக்குது."

"போய்ச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். 'காது சரியில்லன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க'ன்னு சிரிக்கிறாங்க."

தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தார். நான் எழுந்து போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.