அண்ணனின் கழுத்தில் வந்த கட்டி

என் அண்ணன் போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டினார். நான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருந்துகொண்டு, அங்கே ஒரு நோயியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். மருத்துவமனைகள் வெட்டி அனுப்பும் சதைத் துண்டுகளை மெழுகில் பதித்து, மெலிதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயமேற்றுவது என் வேலை. நிணநீர்ப் புற்று என்று சந்தேகம் வந்துவிட்டால் அந்த வேலை கூடும். அது ஒரே நோயல்ல. எந்த வகை வெள்ளணு கெட்டுப்போய்க் கட்டியானது என்று கண்டுபிடித்துத்தான் பெயர் வைப்பார்கள். பெயரைப் பொறுத்துத்தான் மருந்து. வெள்ளணுக்களில் பி செல் என்ற வகை ஒரு சாயத்தில் பழுப்பாகும், டி செல் என்ற வகை வேறொன்றில். மற்றதெல்லாம் நீலமாகவே நிற்கும்.

அண்ணன் மகளின் நிச்சயதார்த்தம் கிள்ளானில் நடந்தது. சம்பந்தி போட்ட மாலையை அண்ணன் கழற்றும்போது சட்டைக் காலர் விலகியது. காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு வீக்கம்.

“என்னண்ணே இது?”

“பல்லு வலி பாப்பா. அதான் வீங்கியிருக்கு. மொதல்ல சாப்புடு லா, பிரியாணி ஆறுது.”

அடுத்த வாரமே பரிசோதனைக்குப் போனார். ஊசி குத்திக் கொஞ்சம் செல்களை எடுத்துப் பார்த்தார்கள். ஏதோ கிருமியை எதிர்த்து வீங்கியிருக்கிறது, புற்று தெரியவில்லை என்று முடிவு வந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. ஊசியில் வந்த அந்தத் துளியில் தெரிந்தது அவ்வளவுதான். வீங்கிய நிணநீர்க் கணுவை முழுதாக வெட்டிப் பார்த்தால்தான் உள்ளே எது எங்கே இருக்கிறது என்று விளங்கும். கட்டி சின்னதாக இருந்தது, அவரும் தெம்பாக இருந்தார், வெட்ட வேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை. மறுநாளே குவாந்தானுக்கு லோரி எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகிற வழியில் எனக்கு போன் செய்து, “ஒண்ணுமில்லையாம் பாப்பா” என்று சிரித்தார்.

சில மாதங்கள் கழித்து விடாத காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் அரிப்பு. அக்குளிலும் தொடையிடுக்கிலும் கட்டிகள். இளைத்துப்போய் பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது என்று அண்ணி சொன்னபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. இந்த முறை ஒரு கணுவை முழுதாக எடுத்தார்கள். அந்த மருத்துவமனையில் வேண்டிய சாயங்கள் இல்லாததால் துண்டு எங்கள் கூடத்துக்கே வந்தது.

பெட்டியைத் திறந்ததும் அண்ணனின் பெயரைப் பார்த்தேன். என் பக்கத்து மேசையில் வேலை செய்யும் மலாய்ப் பெண் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு பெட்டியைப் பார்த்தாள். “தாக் அப்பா, காக். சாயா புவாட்” என்று சொல்லி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பரவாயில்லை அக்கா, நான் செய்கிறேன் என்று.

செய்து முடித்தபின் என்னையும் பார்க்கவிட்டாள். பி செல்லுக்கான முதல் கண்ணாடியில் பழுப்பு தெரிய வேண்டும் என்று என்னை அறியாமல் வேண்டிக்கொண்டேன். பி செல் என்றால் சாயம் காட்டும் அந்த அடையாளத்தையே குறிவைத்துப் பிடிக்கும் நல்ல மருந்து உண்டு, டி செல்லுக்கு அவ்வளவு நல்லது இல்லை. பழுப்பு இருந்தது, ஆனால் ஓரத்தில் ஒதுங்கிய சில தீவுகளாக. நடுவெல்லாம் நீலம். டி செல்லுக்கான கண்ணாடியை வைத்தேன். முழுக்கப் பழுப்பு. மேலும் சில சாயங்களைப் பார்த்துவிட்டு நோயியல் மருத்துவர் முடிவு எழுதினார். பி செல்களுக்குத் துணைநிற்கும் ஒரு வகை டி செல்லிலிருந்து வந்த புற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்கு ரயிலேறினேன். சிகிச்சை செய்யும் டாக்டர் சொல்லும் முன் நான் வாய் திறக்கக்கூடாது. அண்ணன் பாசாரில் நண்டு வாங்கி வைத்திருந்தார்.

“ஒங்க லேப்புக்குத்தான் அனுப்புனாங்களாமே. பாத்தியா?”

“டாக்டர் சொல்லுவாருண்ணே.”

 அண்ணன் பெரிய நண்டுக் காலாகத் தேடி எடுத்து என் தட்டில் வைத்தார். “அப்ப நல்லதில்ல” என்றார்.

அந்த வாரம் மருத்துவமனையில் டாக்டர் நிதானமாக எல்லாம் விளக்கினார். அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “எதுலேர்ந்து வந்துச்சு டாக்டர்? சிகரெட்டா? டீசல் புகையா?”

“எந்த செல்லுலேர்ந்து வந்துச்சுன்னு தெரியும் அங்கிள். ஏன் வந்துச்சுன்னு தெரியல. நீங்க பண்ண எதுனாலயும் இல்ல.”

“என்னா செல்லு?”

“மத்த செல்லுங்களுக்கு ஹெல்ப் பண்ற செல்லு.”

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஹெல்ப் பண்றதுக்கு வந்தவன் இப்படியா செய்வான்?”

கீமோ வார்டில் அடுத்த கட்டிலில் தமிழ்நாட்டு இளைஞர் ஒருவர் இருந்தார். வேலை பெர்மிட்டில் வந்து சாப்பாட்டுக் கடையில் பரோட்டா போடுகிறவர். அவருக்கும் கழுத்தில்தான் கட்டி, அவருக்கும் நிணநீர்ப் புற்றுதான். ஆனால் பி செல், அதிலும் எளிதில் அடங்கும் வகை. இரண்டாவது ஊசிக்கே கட்டி கரைந்தது. “அண்ணே, ஒங்களுக்கும் கரைஞ்சிரும்ணே” என்று அவர் அண்ணனின் கையைப் பிடித்துச் சொன்னபோது, அந்த நல்ல மனிதர்மேல் எனக்குப் பொறாமை வந்தது. அவர் குணமாகி ஊருக்குப் போனார்.

அண்ணனுக்கும் முதலில் கரையத்தான் செய்தது. முடி கொட்டிய தலையில் தலைப்பாகை கட்டிக்கொண்டு மகளைத் தாரைவார்த்துக் கொடுத்தார். மண்டபத்தில் எல்லோரிடமும், “லோரிய எப்ப எடுக்கலாம்னு டாக்டர்ட்ட கேட்டிருக்கேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். தீபாவளிக்கு முன் காய்ச்சல் திரும்பியது. வேறு மருந்து கொடுத்தார்கள், பிடிக்கவில்லை. ஒரு காலை, அண்ணி கஞ்சி எடுத்துவரப் போன நேரத்தில் மூச்சு நின்றுவிட்டது.

வேலைக்குத் திரும்பினேன். இப்போதும் பி, டி என்று பிரிக்கும் கண்ணாடிகள் தினமும் என் கையில் வருகின்றன. ஊசிக்குப் பதில் அன்றே கணுவை எடுத்திருந்தால் என்று பல நாள் நினைத்தேன். எடுத்திருந்தாலும் அது டி செல்தான். கொஞ்ச காலம் கூடக் கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம்.

இப்போது என்னை உறுத்துவது வேறு. கடைசி ஞாயிறுகளில் எல்லாம் ரத்த அளவு, மருந்து, ஸ்கேன் என்றே பேசிக்கொண்டிருந்தோம். கேட்பது அவர், சொல்வது நான். வாழ்நாளெல்லாம் கிழக்குக் கரைக்கும் வடக்குக்கும் தனியாக லோரி ஓட்டிப் போனவர். மழையில் மலைப்பாதை இறங்கும்போது என்ன நினைப்பார், தூக்கம் வந்தால் எங்கே நிறுத்துவார், யாரோடு தே தாரே குடிப்பார், ஒன்றும் எனக்குத் தெரியாது. போன மாதம் குவாந்தான் போகிற சாலையில் லோரிகள் வரிசையாக நிற்கும் ஒரு கடையில் பஸ் நின்றது. இறங்கிப்போய் உட்கார்ந்தேன். அவர் இங்கே வருவாரா என்று கேட்கத் தோன்றியது. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் பஸ்ஸுக்குத் திரும்பினேன்.